புது லீவர் ரைஃபிள்: ஆறும் குறை எது, வளரும் குறை எது

லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளில், அதாவது விசைக்கு அடியில் உள்ள லீவரை இறக்கி ஏற்றித் தோட்டாவை மாற்றும் துப்பாக்கியில், வரும் குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். சுடச் சுட ஆறிவிடுவது ஒன்று, சுடச் சுட வளர்வது இன்னொன்று. கடையில் கையில் எடுத்ததும் உறுத்துவது பெரும்பாலும் முதல் வகைதான். லீவரில் கரகரப்பு இருக்கும், தோட்டா போடும் வாசலான லோடிங் கேட் விரலைக் கீறும், விசை இறுக்கமாக இருக்கும். சில நூறு தோட்டாக்கள் போனால் இதில் பாதி மறைந்துவிடும். மீதியை நுண்கல்லால் தேய்த்துச் சரிசெய்துவிடலாம். காசைக் கரியாக்குவது இரண்டாம் வகை: குழல் கோணலாகத் திருகப்பட்டிருப்பது, லீவரும், தோட்டாவைக் குழலின் உயரத்துக்குத் தூக்கும் கேரியரும் ஒன்றுக்கொன்று காலம் தப்பி நகர்வது, தோளில் பதியும் மரக்கட்டை தவறான இடத்தில் முட்டி நிற்பது. பளபளப்புக்கு அடியில் இவை ஒளிந்திருக்கும், முதல் பெட்டித் தோட்டாவில் தெரியாமலும் போகும். அதனால் "எவ்வளவு வழுவழுவென்று ஓடுகிறது" என்பதை மட்டும் வைத்துப் புது ரைஃபிளை எடைபோடக் கூடாது.

இங்கே பேசுவது அமெரிக்கக் கடைகளில் இன்று புதிதாக விற்கும் ரைஃபிள்களைப் பற்றி. குழலுக்கு அடியில் தோட்டாக்களை வரிசையாக வைத்திருக்கும் குழாய் மேகசின் உள்ளவை; .30-30, .357 மேக்னம், .44 மேக்னம், .45-70 தோட்டாக்களுக்கானவை. மான் வேட்டைக்கும் இலக்குச் சுடுதலுக்கும் அங்கே அதிகம் வாங்குவது இவற்றைத்தான்.

பெயர் பழையது, ஆலை புதியது

குழலில் பொறித்திருக்கும் பெயர் நூறாண்டைத் தாண்டியிருக்கும். அதைச் செய்த கை சில ஆண்டுகளுக்கு முன்தான் மாறியிருக்கும். எந்த ஆலை, எந்தக் காலம் என்று தெரியாமல் ஒரு லீவர் ரைஃபிளைப் பற்றி அபிப்பிராயம் சொல்வதில் பொருளில்லை.

மார்லினின் கதையே போதும். 2007 முடிவில் ரெமிங்டன் அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. அடுத்த சில ஆண்டுகளில் கனெக்டிகட் மாநிலத்து நார்த் ஹேவன் ஆலை மூடப்பட்டு, வேலை நியூயார்க் மாநிலத்து இலியனுக்குப் போனது. இயந்திரங்கள் போன அளவுக்கு அனுபவக் கைகள் போகவில்லை. அந்தக் காலத்து ரைஃபிள்களில் சாய்ந்த முன்குறி (குழல் முனையில் குறிபார்க்கும் முள்), மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி, தோட்டா மாட்டிக்கொள்வது என்று பரவலாகப் புகார் எழுந்தது. பிற்பாடு வேலை தேறியது என்றாலும் கெட்ட பெயர் போகவில்லை. 2020இல் ரெமிங்டன் திவாலானபோது மார்லினை ரூகர் வாங்கியது. வட கரோலினாவின் மேயோடன் ஆலையிலிருந்து முதல் 1895 எஸ்.பி.எல். மாடல் 2021 டிசம்பரில் வெளிவந்தது.

இந்த மூன்று காலமும் இன்றும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். அடையாளம் காண்பது எளிது. பழைய நார்த் ஹேவன் ரைஃபிளில் குழலின் இடப்பக்கம், இயங்கும் பாகங்களைத் தாங்கும் இரும்பு உடலான ரிசீவரை ஒட்டி 'ஜே.எம்.' முத்திரை இருக்கும். ரெமிங்டன் காலத்துத் தொடர் எண் 'எம்.ஆர்.' என்று தொடங்கும். ரூகர் காலத்தது 'ஆர்.எம்.' என்று தொடங்கும். "புதுசு, பெட்டி கூடப் பிரிக்கவில்லை" என்று கடைக்காரர் சொன்னாலும் எண்ணைப் பாருங்கள். பத்தாண்டு பெட்டிக்குள் கிடந்த ரைஃபிளும் பெட்டி பிரிக்காததுதான்.

வின்செஸ்டரின் பாடம் இன்னும் பழையது. 1964இல் செலவைக் குறைக்க மாடல் 94இன் உள்பாகங்களை மாற்றினார்கள். கடைந்து செய்த கேரியரின் இடத்தில் தகட்டை அழுத்திச் செய்த கேரியர் வந்தது. பயன்படுத்தியவர்கள் உடனே கண்டுகொண்டார்கள்; '64க்கு முந்தியது' என்ற சொல் விலைப்பட்டியலில் தனித் தகுதியாகவே நிலைத்துவிட்டது. நியூ ஹேவன் ஆலை 2006இல் மூடியது. இன்று வின்செஸ்டர் பெயரில் வரும் 1873, 1886, 1892, 1894 ரைஃபிள்களை ஜப்பானில் கோச்சி மாகாணத்து மிரோகு ஆலை செய்கிறது. மரமும் இரும்பும் சேரும் நேர்த்தியில் இன்றைய தொழிற்சாலை வேலைகளுள் இதற்கு முதலிடம் தருவோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இவற்றில் பலவற்றின் ஹாமர் (தோட்டாவை வெடிக்க அடிக்கும் சுத்தி) அடித்ததும் சற்றுப் பின்வாங்கும் வகை. அடியின் வேகத்தில் ஒரு பங்கு அந்த ஏற்பாட்டுக்குப் போய்விடுவதால், கடினமான பிரைமர் (அடிபட்டு மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி) உள்ள தோட்டாவில் சோதிக்காமல் நம்பிவிடாதீர்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரேசிலின் ரோஸி 92, ஜான் பிரவுனிங்கின் 1892 வடிவத்தைப் பின்பற்றுவது. குழலின் பின்வாயை அடைக்கும் போல்ட்டின் இருபுறமும் செங்குத்தாக ஏறும் இரண்டு பூட்டுக் கட்டைகள் இருப்பதால் உடல் மிக வலுவானது. உள்ளே பிசிர் அதிகம், ஸ்பிரிங்குகள் தேவைக்கு மேல் கடினம். பெரும்பாலும் ஆறும் குறைகள். இத்தாலியின் உபெர்ட்டி செய்யும் 1873 நகல்கள் அழகானவை, ஆனால் மூட்டு மடங்கிப் பூட்டும் அந்த அமைப்பு 1892இன் வலுவுக்கு வராது. ஹென்றி ரைஃபிளின் ஓட்டம் பெட்டியிலிருந்து எடுத்ததுமே மென்மையாக இருக்கும். அதில் மயங்கி மற்றச் சோதனைகளை விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கடையில் பத்து நிமிடம்

கையில் வாங்கியதும் குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்து லீவரை முழுக்கத் திறங்கள். சேம்பர் (தோட்டா அமரும் குழலின் பின்பகுதி), கேரியர், மேகசின் வாய் மூன்றையும் கண்ணால் பாருங்கள், சேம்பரை விரலாலும் தொட்டுப் பாருங்கள். குழாய் மேகசினில் ஒரு தோட்டா தங்கியிருப்பது வெளியே தெரியாது. உள்ளே தள்ளுகட்டையின் முனை தெரிந்தால்தான் காலி. ஹாமரை விடுவித்துப் பார்க்கக் கடைக்காரரிடம் அனுமதி கேளுங்கள். .22 ரிம்ஃபயரை (தோட்டாவின் அடிவிளிம்பில் அடித்து வெடிக்கும் வகை) தோட்டா இல்லாமல் அடிக்காதீர்கள், ஃபயரிங் பின் என்னும் ஊசி சேம்பரின் விளிம்பில் மோதித் தழும்பாக்கிவிடும்.

முதல் சோதனை கோணல். அதற்கு ஏன் முதலிடம் என்றால், பயன்பாட்டால் ஒருநாளும் ஆறாத குறை இது. குழலை ரிசீவருக்குள் திருகி இறுக்கும்போது அது ஒரே ஒரு இடத்தில்தான் நிற்க வேண்டும். குறிகளுக்கான வெட்டும், அடியில் மேகசின் குழாயைத் தாங்கும் கொக்கியின் வெட்டும், சுட்ட தோட்டாக் கூட்டை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டருக்கான பள்ளமும் குழலில் ஏற்கெனவே இருக்கின்றன. இரண்டு மூன்று டிகிரி கூடுதலாகவோ குறைவாகவோ திருகினால் எல்லாம் சேர்ந்து சாயும். ரைஃபிளை ஜன்னல் பக்கம் திருப்பி, கட்டையின் பின்முனையிலிருந்து ஒரு கண்ணால் பாருங்கள். ரிசீவரின் மேல்தளத்தைக் கிடைமட்டமாக வைத்தால் முன்குறி அதற்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். அடுத்து ரைஃபிளைத் தலைகீழாகத் திருப்பி, மேகசின் குழாய் குழலுக்கு நேர் கீழே இணையாக ஓடுகிறதா என்று பாருங்கள். பின்குறி தன் பள்ளத்தில் ஒரு பக்கமாக வெகுதூரம் தள்ளி வைக்கப்பட்டிருந்தால், கோணலை ஈடுகட்ட ஆலையில் யாரோ செய்த வேலையாக இருக்கலாம். எண்கோணக் குழலில் இந்தச் சோதனை இன்னும் சுலபம்: குழலின் மேல்பட்டை ரிசீவர் மேல்தளத்தோடு ஒரே சாய்வில் இருக்கிறதா என்பது பார்த்த கணத்திலேயே தெரியும்.

இரண்டாவது, மரம். இங்கே அழகை விட முட்டும் இடம் முக்கியம். பின்னுதைப்பு முழுவதையும் ரிசீவரிலிருந்து கட்டை வாங்கிக்கொள்கிறது. ரிசீவரின் பின்முகம் முழுக்க மரத்தின் மேல் சமமாக அமர வேண்டும். அப்படி அமராமல், ரிசீவரிலிருந்து பின்னால் நீளும் டாங் என்னும் நாக்கின் முனை மட்டும் மரத்தில் முட்டி நின்றால், அது ஆப்பு வைத்த மாதிரி. ஒவ்வொரு சூட்டிலும் மரத்தைப் பிளந்துகொண்டே போகும்; .45-70இல் அது சீக்கிரமே நடக்கும். ஆகவே டாங் முனைக்குப் பின்னால் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருப்பது குறையல்ல, நல்ல வேலையின் அடையாளம். ரிசீவரின் பின்முகத்தில் தாள் நுழைந்தால்தான் கவலை. மரம் இரும்பைவிடச் சற்றே உயர்ந்து நிற்பது பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கெடுதல் செய்யாது. மரம் இரும்புக்குத் தாழ்ந்திருந்தால் திருத்த வழியில்லை. கடைசியாகக் கட்டையின் கழுத்தைப் பிடித்து இடமும் வலமும் முறுக்கிப் பாருங்கள், துளி ஆட்டமும் இருக்கக் கூடாது.

குழல்வாயை விளக்கொளியில் பாருங்கள். குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகள் முடியும் விளிம்பில் நகம் மாட்டும் சிறு வெட்டு இருந்தாலும் குண்டு அந்தப் பக்கமாக விலகும். லீவரைத் திறந்து சேம்பருக்கு எதிரே வெள்ளைத் தாளை வைத்து, வாய்ப்பக்கம் சிறு விளக்கைப் பிடித்தால் உள்புறம் தெரியும். சேம்பர் சுவரில் மரை மாதிரி வளையங்கள் தெரிந்தால் மந்தமான கருவியால் வெட்டியது என்று பொருள். சுட்ட கூடு விரிந்து அந்த வளையங்களில் பிடித்துக்கொண்டால் லீவர் திறக்க அடம்பிடிக்கும்.

திருகுத் தலைகள் சிதைந்திருந்தால் யாரோ ஏற்கெனவே பிரித்திருக்கிறார்கள். வேறு ரைஃபிள் காட்டச் சொல்லுங்கள். கூர்விளிம்புகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

லீவர் பேசும்போது

லீவரை முதலில் மிக மெதுவாக, பிறகு வேட்டையில் இழுப்பது போல விறுவிறுப்பாக, ஐந்தாறு முறை இயக்குங்கள். மெதுவாக இழுக்கும்போது பூட்டு இறங்குவது, போல்ட் பின்னால் வந்து ஹாமரை மடக்குவது, கடைசியில் கேரியர் எழுவது எல்லாம் தனித்தனியாகக் கையில் தெரியும். ஹாமரை மடக்கும் இடத்தில் வரும் கனம் இயல்பு. வழி முழுக்க மணல் கலந்த மாதிரி கரகரப்பு இருந்தால் கருவித்தடமும் பிசிரும், ஆறிவிடும். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் சடக்கென்று முட்டி, மணிக்கட்டைத் திருப்பி அழுத்தினால்தான் தாண்டுகிறது என்றால் அங்கே இரண்டு பாகங்கள் மோதுகின்றன. அது தானாகத் தீராது.

தெரியாதவர்கள் குறையென்று நினைக்கும் இயல்புகளும் உண்டு. மார்லினில் லீவர் திறந்திருக்கும்போது விசை தொளதொளவென்று ஆடும், அது வடிவமைப்பு. வின்செஸ்டர் 94இல் லீவரைத் திறந்தால் அடிப்புறமே கதவு போலக் கீழிறங்கும், எல்லாம் தளர்ந்த மாதிரி இருக்கும். மூடியதும் இறுகிவிட்டால் சரி.

மூடிய நிலையில் லீவர் தானாகத் தொங்கக் கூடாது. ரைஃபிளைக் கிடையாகப் பிடித்து ஒரு முறை அழுத்திக் குலுக்குங்கள். பிறகு லீவரை அரை சென்டிமீட்டர் திறந்து வைத்து விசையை இழுங்கள். ஹாமர் விழவே கூடாது. விழுந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், பழுதுபார்க்கும் பேச்சே வேண்டாம். பூட்டு முழுதாக ஏறாமல் தோட்டா வெடித்தால் போல்ட் சுடுபவரின் முகத்தை நோக்கித்தான் வரும்.

ஹாமரை முழுதாக மடக்கி, விசையைத் தொடாமல் பின்னாலிருந்து கட்டைவிரலால் முன்னோக்கி அழுத்துங்கள். நழுவக் கூடாது. ஹாமரைப் பாதியில் நிறுத்தும் அரைமடக்கு உள்ள வகைகளில் அந்த நிலையில் வைத்து விசையை மிதமாக இழுத்தாலும் விழக் கூடாது. குறுக்கே தள்ளும் பாதுகாப்புப் பொத்தான் இருந்தால் அதைப் போட்டு ஒருமுறை அடித்துப் பாருங்கள். மார்லின் போன்றவற்றில் பொத்தான் போட்டிருந்தாலும் ஹாமர் விழும், ஃபயரிங் பின்னை மட்டும் அடிக்காது. வேட்டையில் மான் எதிரே நிற்கும்போது வெறும் 'க்ளிக்' மட்டும் கேட்பதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

விசையின் கனம் 4 முதல் 6 பவுண்டு வரை இருப்பது தொழிற்சாலை ரைஃபிளுக்கு ஏற்றது. அளவுகோல் இருந்தால் ஐந்து முறை அளந்து பாருங்கள். 5.5 பவுண்டிலேயே மாறாமல் நிற்பது, 4க்கும் 6க்கும் நடுவே தாவுவதைவிட நல்லது. தாவல் என்றால் விசையும் ஹாமரும் கவ்வும் முகம் சீராக இல்லை.

டம்மி தோட்டாவோடு வீட்டில்

வாங்கியபின் முதல் வேலை சுடுவதல்ல. மருந்தும் உயிருள்ள பிரைமரும் இல்லாத டம்மி தோட்டா ஆறு முதல் பத்து வாங்குங்கள். நீளம் சரியாக இருக்க வேண்டும், இந்த இயந்திரங்கள் தோட்டாவின் நீளத்தை நம்பி ஓடுபவை. .357 மேக்னத்தின் அதிகபட்ச முழுநீளம் 1.590 அங்குலம், .44 மேக்னம் 1.610, .30-30உம் .45-70உம் 2.550. .357 ரைஃபிளில் .38 ஸ்பெஷல் சுடலாம் என்பது உண்மைதான். ஆனால் குண்டு கூட்டுக்குள் முழுக்க அமர்ந்த குட்டையான தட்டைமுனைத் தோட்டாவைப் போட்டால், அது கேரியரில் நிற்கும்போதே வரிசையில் அடுத்தது பாதி நுழைந்து வழியை அடைக்கும். 1873 வகையில் இந்தத் தொல்லை அதிகம். அங்கே கேரியர் ஒரு கட்டையாக நேர் மேலே எழுகிறது, தோட்டா அதன் நீளத்தை நிரப்பி நின்றால்தான் அடுத்தது வெளியே நிற்கும். குறையை ரைஃபிளின் தலையில் போடுவதற்கு முன் தோட்டாவை அளந்துவிடுங்கள்.

அந்த அறையில் உண்மைத் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. மேகசினை நிரப்புங்கள். கடைசித் தோட்டாவுக்கு லோடிங் கேட் கடினமாக எதிர்ப்பது இயல்பு; முதல் தோட்டாவுக்கே எதிர்த்தால் கேட்டின் ஸ்பிரிங் தகடு தடிமன், அல்லது உள்ளே பிசிர். பிறகு நான்கு விதமாக இயக்குங்கள்: நத்தை வேகத்தில், விறுவிறுப்பாக, குழலை மேலே தூக்கி, பக்கவாட்டில் சாய்த்து. மெதுவாக இயக்கும்போது மட்டும் சிக்கினால் பெரும்பாலும் ஸ்பிரிங் அல்லது உராய்வு. எல்லா வேகத்திலும் அதே இடத்தில் சிக்கினால் காலம் தப்பியிருக்கிறது.

காலம் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு லீவர் ரைஃபிள் நம்பத்தக்கதா என்பது இதில்தான் இருக்கிறது. மேகசினிலிருந்து ஒரு தோட்டா, ஒன்றே ஒன்று, கேரியர் மேல் வர வேண்டும். கேரியர் எழுந்து அதைச் சேம்பருக்கு நேராகப் பிடிக்கும்வரை அடுத்தது மேகசின் வாயிலேயே தடுக்கப்பட்டிருக்க வேண்டும். மார்லின் அமைப்பில் கேரியரை எழுப்புவது லீவரின் வளைந்த நுனி. ஆலையில் அந்த நுனியின் விளிம்பை உருட்டாமல் கூர்மையாக விட்டுவிட்டால், ஒவ்வொரு இழுப்பிலும் அது கேரியரின் அடியில் உளி மாதிரி கீறும். நூறு, இருநூறு தோட்டா வரை எதுவும் தெரியாது. கீறல் பள்ளமாக ஆழ்ந்தபின் கேரியர் இருக்க வேண்டிய நேரத்தில் இருக்க வேண்டிய உயரத்தில் இருக்காது. அடுத்த தோட்டா மேகசினிலிருந்து நழுவிக் கேரியரின் மூக்குக்கு அடியில் புகுந்துவிடும். லீவர் முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. மார்லின் ஜாம் என்று வேட்டைக்காரர்கள் சொல்வது இதைத்தான். முதல் நாள் வெண்ணெயாக ஓடிய ரைஃபிளிலும் இது வரும்.

கண்டுபிடிக்க ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். மார்லினில் லீவரின் அச்சுத் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவரும் போல்ட்டும் கையோடு வந்துவிடும், கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் தளர்ந்து விழும், அதைப் பத்திரப்படுத்துங்கள். லீவர் நுனியை விரலால் தடவுங்கள். கேரியரின் அடியை விளக்கு வைத்துப் பாருங்கள். பளபளத்த கோடு இருந்தால் பரவாயில்லை, உராயும் இடத்தில் அது வரத்தான் செய்யும். நகம் மாட்டும் பள்ளம் இருந்தால் வளரும் குறை. பள்ளம் விழுவதற்கு முன்னால் நுனியை நுண்கல்லால் உருட்டிவிட்டால் வேலை முடிந்தது. விழுந்தபின் கேரியரை நிரப்பவோ மாற்றவோ வேண்டும். திரும்பப் பூட்டும்போது எஜெக்டரின் குமிழ் ரிசீவர் சுவரில் உள்ள துளையில் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அது விலகியிருந்தால் போல்ட் போகாது. வலிந்து தள்ளினால் எஜெக்டர் வளையும். வின்செஸ்டர் 92, 94 வகைகளை இதே துணிச்சலில் பிரிக்காதீர்கள். பிரிப்பது எளிது, பூட்டுவது நெடுநேர வேலை.

மூடிய போல்ட்டின் முகத்துக்கும் சேம்பர் தோட்டாவைத் தடுத்து நிறுத்தும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியான ஹெட்ஸ்பேஸை வீட்டில் ஊகிக்க முடியாது. இந்தத் தோட்டாக்கள் அடிவிளிம்பின் தடிமனால் சேம்பரில் நிற்பவை; துப்பாக்கிப் பழுதாளரிடம் 'கோ', 'நோ-கோ' அளவுக்கட்டைகள் இருக்கும். 'கோ' வைத்தால் லீவர் மூட வேண்டும், 'நோ-கோ' வைத்தால் மூடக் கூடாது. ஐந்து நிமிட வேலை, புது ரைஃபிளுக்கும் செய்துகொள்ளுங்கள்.

சுடுதளத்தில்

ஆலையில் பூசிய எண்ணெயைக் குழலிலிருந்தும் சேம்பரிலிருந்தும் துடைத்துவிடுங்கள். சேம்பரில் எண்ணெய் இருந்தால் கூடு சுவரைப் பிடிக்காமல் அழுத்தம் முழுதும் போல்ட்டின் மேல் விழும். கண்ணாடியும் காதடைப்பும் இல்லாமல் தொடங்காதீர்கள். அடித்தும் வெடிக்கவில்லை என்றால் குழலை இலக்கின் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருந்து, பிறகு லீவரைத் திறங்கள்.

தொழிற்சாலைத் தோட்டாவை மட்டும் பயன்படுத்துங்கள், அதுவும் வழக்கமான அழுத்தத்தில். .45-70க்கு அமெரிக்கத் தர அளவான 28,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டில் அழுத்தம்) இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம், 1873ஆம் ஆண்டின் ஸ்பிரிங்ஃபீல்ட் ரைஃபிள்களிலும் அதே தோட்டா நுழையும் என்பதுதான். புது மார்லின் அதைவிட அதிகம் தாங்கும், என்றாலும் சோதனைக்கு அது வேண்டாம். .30-30இன் உச்சம் 42,000, .44 மேக்னம் 36,000, .357 மேக்னம் 35,000. குழாய் மேகசினில் கூர்முனைக் குண்டு எப்போதும் ஆகாது. ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது பின்தோட்டாவின் முனை முன்தோட்டாவின் பிரைமர் மேல் அமர்ந்திருக்கும்; பின்னுதைப்பில் அதைக் குத்தி வெடிக்கவைக்கலாம். தட்டைமுனை அல்லது ஹார்னடியின் மெதுமுனை வகையே சரி.

முதலில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு ஐந்து சுடுங்கள். ஐந்து கூட்டையும் வரிசையாக வைத்துப் படியுங்கள். கடைக்காரர் சொல்லாததை அவை சொல்லும். பிரைமரில் ஊசித்தடம் நடுவில், ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஆழம் மாறி மாறி இருந்தால் ஹாமர் ஸ்பிரிங் அல்லது எங்கோ உராய்வு. கூட்டின் உடலில் நீளவாக்கில் கீறல் என்றால் சேம்பர் வாயில் பிசிர். அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே மினுக்கும் வளையம் தெரிந்தால் கூடு இழுபடுகிறது. பிரைமர் வெளியே துருத்தினாலும் அதே சந்தேகம். நிறுத்திவிட்டு ஹெட்ஸ்பேஸை அளக்கக் கொடுங்கள்.

பிறகு இரண்டிரண்டாக, அடுத்து மேகசின் நிறைய. துல்லியத்துக்கு ஐந்து சூடு கொண்ட மூன்று தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் நடுவே குழல் ஆறும்வரை ஓய்வு. மணல்பையை முன்கட்டைக்கு அடியில், ரிசீவருக்கு அருகில் வையுங்கள். குழலோ மேகசின் முனையோ பையில் பட்டால் குண்டு மேலேறும். 100 கெஜத்தில் ஸ்கோப்போடு 2 அங்குலத் தொகுதி வந்தால் மகிழலாம், 3 அங்குலம் மான் வேட்டைக்குப் போதும். சூடேறச் சூடேற ஓட்டைகள் செங்குத்தாக ஏணி மாதிரி ஏறினால் குழலில் குறை என்று முடிவுகட்டாதீர்கள். குழல் நீளும்போது மேகசின் குழாயும் வளையங்களும் அதை நெரிக்கின்றன. முன்கட்டை மூடியின் திருகுகள் அளவுக்கு மீறி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மேகசின் நிறைந்தபோதும் காலியானபோதும் படும் இடம் இரண்டு அங்குலம் மாறினாலும் காரணம் இதே இறுக்கம்தான்.

.44 மேக்னம் வாங்கியவர்கள் உள்வரியின் முறுக்கைக் கவனிக்க வேண்டும். பழைய மார்லின்களில் 38 அங்குலத்துக்கு ஒரு சுற்று. ரூகர் செய்பவற்றில் 20 அங்குலத்துக்கு ஒன்று. 240 கிரெய்ன் (குண்டின் எடை அளவு) குண்டு இரண்டிலும் போகும். 300 கிரெய்ன் பழையதில் தடுமாறினால் அதைத் தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது.

திருப்பி அனுப்புவதா, வைத்துக்கொள்வதா

ஒரு நோட்டில் எத்தனையாவது தோட்டா, என்ன தோட்டா, என்ன நடந்தது என்று குறித்துக்கொண்டே இருநூறு வரை போங்கள். ஒருமுறை நடந்தது தற்செயலாக இருக்கலாம். வேறு வேறு தோட்டாக்களில் அதே கோளாறு இரண்டாம் முறை வந்தால் ரைஃபிளின் கோளாறுதான். வாரன்டிக்கு எழுதும்போது "அடிக்கடி சிக்குகிறது" என்று எழுதினால் பயனில்லை. "நான்காவது தோட்டாவின் விளிம்பு கேரியருக்கு அடியில் போகிறது, 86ஆம் சூட்டிலும் 131ஆம் சூட்டிலும்" என்று எழுதி, லீவர் சிக்கிய நிலையில் படமும் இணையுங்கள். கோணலான குழல், முழுதாய் மூடாமலே விழும் ஹாமர், நழுவும் அரைமடக்கு, ஹெட்ஸ்பேஸ் ஆகிய நான்கையும் உள்ளூரில் திருத்த முயலாமல் ஆலைக்கே அனுப்புங்கள். கல்லை எடுத்து நீங்களே தேய்த்த பாகத்துக்கு ஆலை பொறுப்பேற்காமல் போகலாம். லீவர் நுனியானாலும் முதலில் ஆலையைக் கேட்டுவிட்டுத் தேய்ப்பது நல்லது.

எல்லாவற்றிலும் தேறிய ரைஃபிளை ஐந்நூறு தோட்டா போனபின் இன்னொரு முறை மூன்று இடத்தில் பாருங்கள். கேரியரின் அடியில் அந்தப் பளபளப்பு இன்னும் கோடாகவே இருக்கிறதா, பள்ளமாகிவிட்டதா? டாங் முனைக்குப் பின்னால் மரத்தில் மயிரிழை விரிசல் உண்டா? லீவரின் அச்சுத் திருகு அதிர்வில் தளர்ந்திருக்கிறதா? திருகு தளர்ந்திருந்தால் மரையைச் சுத்தம் செய்து, திருகைப் பிடித்துவைக்கும் பசையான நீல லாக்டைட் ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். சிவப்பு வேண்டாம், அடுத்த முறை கழற்றும்போது திருகுத் தலை போய்விடும்.